நாற்பத்தாறாம் நம்பர் பல்: மதுரையில் ஒரு கிளினிக், ஐந்துக்கு நாலு

கடை, ஹோட்டல் என்று விமர்சனம் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிற வேலை. எழுதுவதெல்லாம் வவுச்சரும் கவரிங் லெட்டரும்தான். ஆனால் போன ஒன்றரை வருஷத்தில் ஒரே பல் கிளினிக்கின் மாடிப்படியைப் பதினாலு தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். கூட வந்தவன் என் தம்பி. வயது 27, ஆட்டிசம். ஆறடிக்கு ஒரு இஞ்ச் குறைவு, எடை 82 கிலோ. உயரத்தையும் எடையையும் சொல்லக் காரணம், ஆட்டிசம் என்றதும் எல்லோர் மனசிலும் ஒரு சின்னப் பையன்தான் வருகிறான். அந்தப் பையன் வளர்ந்து, மீசை வைத்து, கடைவாய்ப் பல் சொத்தையாகி ஒரு நாள் வந்து நிற்பான் என்று யாரும் யோசித்து வைத்த மாதிரியே தெரியவில்லை.

கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. போடலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வேணாம்மா. கூட்டம் வந்தா நான் அவசரப்படுவேன். அவசரப்பட்டா உங்க தம்பிக்கு நான் லாயக்கில்ல" என்றார். வைகைக்கு வடகரையில், முதல் மாடியில், ரெண்டே நாற்காலி போட்ட இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தீபாவளி முறுக்கில் ஆரம்பித்தது. அம்மா சுடுகிற முறுக்கை எண்ணெய் வடியுமுன்னே எடுத்துத் தின்கிறவன், அந்த வருஷம் தொடவே இல்லை. அதற்கு முன்பே மூன்று வாரமாக வலது கன்னத்தில் முஷ்டியால் குத்திக்கொண்டிருந்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து குத்துவான். அத்தை வந்து கண்ணு பட்டிருக்கு என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் 'பிஹேவியர் அதிகமாயிருக்கு' என்று மாத்திரையைக் கூட்டினார். கன்னத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை, நான் உட்பட. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவனுக்கு வலிக்கவே வலிக்காது என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். முறுக்கை அவன் தள்ளி வைத்த அன்றுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே வலது பக்கம், ஒரு மிளகு உள்ளே போகிற அளவுக்குக் குழி.

முதலில் போன இடத்தைப் பற்றி ரெண்டே வரி. ரெண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் தலையைப் பிடித்தார், "ஒண்ணும் பண்ண மாட்டோம், சும்மா பாக்குறோம்" என்று சொல்லிக்கொண்டே கூரான ஒன்றை உள்ளே விட்டார்கள். அவன் கடித்தான். முழு மயக்கம் கொடுத்துப் பிடுங்கிவிடலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மயக்கம் கொடுத்துச் செய்வது தப்பென்று சொல்லவில்லை. சிலருக்கு அதுதான் வழி. ஆனால் நாலு நிமிஷத்தில் எடுக்கிற முடிவா அது? அடுத்து ஒரு குழந்தைகள் பல் மருத்துவர். நல்ல மனுஷர், அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார். "இந்த வயசுன்னா எங்க லிமிட்ல வராதுங்களே" என்று வருத்தத்தோடு அனுப்பிவைத்தார். அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன்: இங்கிலாந்தில் இப்படிப்பட்டவர்களைப் பார்ப்பதற்கென்றே பல் மருத்துவத்தில் ஒரு தனிப் பிரிவு 2008 முதல் அங்கீகாரத்தோடு இருக்கிறது. நம் ஊரில் எம்.டி.எஸ். என்கிற பல் மருத்துவ மேற்படிப்பில் குழந்தைகளுக்குப் பிரிவு உண்டு, ஈறுக்கு உண்டு, வேர் சிகிச்சைக்கு உண்டு, இதற்கு இல்லை. ஆகையால் அவரவர் பொறுமைக்குத் தக்கபடிதான் வைத்தியம்.

இந்தக் கிளினிக்கைச் சொன்னது, தம்பி முன்பு படித்த சிறப்புப் பள்ளியில் பழக்கமான ஒரு அம்மா.

போன் பண்ணினேன். நாற்பது நிமிஷம் பேசினார் டாக்டரம்மா. பல்லைப் பற்றி அதில் ஐந்து நிமிஷம் இருக்கும். மிச்சமெல்லாம் வேறு கேள்விகள். எந்தச் சத்தம் ஆகாது? (மிக்ஸி, பிரஷர் குக்கர், குழந்தை அழுவது.) எந்த வாசனை ஆகாது? (மல்லிகைப்பூ, டெட்டால்.) தொட்டால் பிடிக்குமா? (லேசாகத் தொட்டால் ஆகாது, அழுத்திப் பிடித்தால் பிடிக்கும்.) வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வான்? என்னென்ன மாத்திரை? சின்ன வயதில் வலிப்புக்கு என்ன கொடுத்தார்கள்? ஃபெனிடோயின் என்றேன். "அதான் ஈறு வீங்கியிருக்கும். நீங்க ஒழுங்கா பல்லு வெளக்கிவிடலைன்னு யாராச்சும் திட்டியிருப்பாங்களே?" என்றார். பத்து வருஷமாகத் திட்டு வாங்கியவள் அம்மா. அந்த மாத்திரையே ஈறைத் தடிக்க வைக்கும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரியும். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடைசிக் கேள்வி, "தம்பிக்கு ரொம்பப் பிடிச்சது என்ன?"

பஸ். மதுரையில் ஓடுகிற டவுன் பஸ் நம்பர்களும் நிறுத்தங்களும் அவனுக்கு மனப்பாடம்.

ரெண்டு நாளில் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. ஒரு கோடு, அதில் ஆறு வட்டம், வட்டத்துக்கு ஒரு பஸ் நிறுத்தம். மாட்டுத்தாவணி: படி ஏறுவது. அண்ணா பஸ் ஸ்டாண்ட்: நாற்காலியில் உட்காருவது. பெரிய ஆஸ்பத்திரி: நாற்காலி சாய்வது. கோரிப்பாளையம்: வாய் திறப்பது. சிம்மக்கல்: கண்ணாடி உள்ளே போவது. பெரியார்: இறங்கி வீட்டுக்குப் போவது. ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே அந்தக் கிளினிக்கிலேயே எடுத்த போட்டோ. அதே படி, அதே நாற்காலி, அதே டாக்டரம்மா, மாஸ்க் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. தம்பி பார்த்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னான்: கோரிப்பாளையத்துக்கும் சிம்மக்கல்லுக்கும் நடுவில் வைகைப் பாலம் விட்டுப்போயிருக்கிறது. சொல்லி அனுப்பினேன். மறுநாள் பாலம் போட்டுப் புதுப் படம் வந்தது. பாலத்தில் பஸ் நிற்காது, ஆகையால் அங்கே ஒன்றும் நடக்காது. பத்து விநாடி சும்மா இருக்கலாம். அந்தப் பத்து விநாடி பிறகு எவ்வளவு உதவியது என்று எனக்குத்தான் தெரியும்.

படத்தோடு கூட, பல் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்றையும் கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் வீட்டில் வைத்திருந்தோம். அவன் அதை வைத்து அம்மா பல்லையெல்லாம் எண்ணினான்.

வலிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, பத்து நாளைக்குள் மூன்று தடவை வரச் சொன்னார். முதல் நாள் அண்ணா பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான். உட்கார்ந்தான், எழுந்தான், வீட்டுக்கு வந்தோம். அதற்கு 150 ரூபாய். "சும்மா ஒக்காந்துட்டு வர்றதுக்கு நூத்தம்பதா?" என்று அத்தை இன்னும் சொல்லிக்காட்டுகிறார். ஒரு ஆளுக்கென்று அரை மணி நேரம் வாசலைச் சாத்தி வைத்ததற்கு 150 ரூபாய் என்பது என் கணக்கு. மூன்றாம் நாள் பெரியார் வரைக்கும் போனோம். டிரில் இல்லாமல், கையால் சுரண்டுகிற கருவியை வைத்து மேலோடு இருந்த சொத்தையை எடுத்துவிட்டு, கிராம்பு வாசனை அடிக்கிற மருந்தை வைத்து மூடினார். அன்று ராத்திரி அவன் முழுசாகத் தூங்கினான். நாங்களும்.

உள்ளே என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்டால், பெரிதாகச் செலவு பண்ணின மாதிரி எதுவும் இல்லை. செவ்வாய், வியாழன் மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூணு வரைக்கும் வேறு யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை. டியூப்லைட்டை அணைத்து ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறார்கள். டாக்டரம்மாவின் தலைக்கு மேல் இருக்கிற விளக்கு கண்ணில் அடிக்காமல் இருக்க கூலிங் கிளாஸ். எக்ஸ்ரே எடுக்கும்போது போடுகிற ஈய அங்கியை எக்ஸ்ரே எடுக்காத போதும் நெஞ்சு மேல் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கனம் அவனுக்கு ஆளைப் பிடித்து உட்கார வைத்த மாதிரி. இதெல்லாம் நீங்களே கண்டுபிடித்ததா என்றேன். இல்லை, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வைத்தே இப்படிச் சோதித்துப் பார்த்து 2023-ல் எழுதியிருக்கிறார்கள், வெளிச்சத்தைக் குறைத்து, மெல்லிய சத்தம் வைத்து, உடம்பை அணைத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு துணி சுற்றிப் பல் சுத்தம் செய்தால் பதற்றம் குறைகிறது என்று. அந்தப் பிள்ளைகள் 6 வயதிலிருந்து 12 வரை. "82 கிலோவுக்கு யாரும் எழுதலை. நாமதான் பாத்துக்கணும்" என்றார்.

இனி மணி விஷயம். நிறுத்தச் சொல்ல அவனுக்கு ஒரு வழி வேண்டும். கையைத் தூக்கு என்றால் தூக்க மாட்டான், பதற்றத்தில் கை அவன் பேச்சைக் கேட்காது. விசில் என்று நான்தான் சொன்னேன்; கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், ரெண்டு விசில் கொடுத்தால் கிளம்பும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு விசில் எப்படி ஊதுவது? தம்பியே தீர்த்துவைத்தான். "கேரளா பஸ்" என்றான். அங்கே கயிறு இழுத்தால் மணி. ஒரு மணி நில், ரெண்டு மணி போ. ஹோட்டல் கவுண்டரில் தட்டுகிற மாதிரி ஒரு மணியை நாற்காலியின் கைப்பிடியில் டேப் போட்டு ஒட்டினார்கள். முதல் நாள் பதினேழு தடவை அடித்தான். பதினேழு தடவையும் நின்றது. நிஜமாகவே நிற்கிறதா என்று பார்த்திருக்கிறான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்த தடவை நாலு.

மரத்துப்போகிற ஊசி அன்று நான் வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன். டாக்டரம்மா அவனிடம், "கட்டெறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். வலிக்கும். 60 எண்றதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றார். வலிக்காது என்று சொல்லாத முதல் டாக்டர். எண்ண ஆரம்பித்தார். 52-லேயே ஊசி வெளியே வந்துவிட்டது. தம்பி எழுந்திருக்கவில்லை, வாயையும் மூடவில்லை. டாக்டரம்மாவுக்கு உடனே புரிந்தது; வெறுங்கையோடு உட்கார்ந்து 53, 54 என்று 60 வரைக்கும் எண்ணி முடித்தார். 60 வந்ததும் வாயை மூடினான்.

இப்போது அந்த உதவியாளர் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே பாதி அவளுக்காகத்தான். வயது 24, மேலூர் பக்கம். கருவிகளை எடுத்துக் கொடுப்பதும், டாக்டரம்மா சொல்லச் சொல்லக் கேஸ் ஷீட்டில் குறிப்பதும் அவள் வேலை. பல் ஆஸ்பத்திரிகளில் பல்லுக்கு நம்பர் உண்டு. மேலே வலது பக்கம் 11-லிருந்து 18, மேலே இடது 21-லிருந்து 28, கீழே இடது 31-லிருந்து 38, கீழே வலது 41-லிருந்து 48. முதல் எண் எந்தப் பக்கம், ரெண்டாவது எண் நடுவிலிருந்து எத்தனையாவது பல். அதனால் அதை 'நாலு, ஆறு' என்று பிரித்துத்தான் சொல்வார்கள். என் தம்பிக்குச் சொத்தை இருந்தது 46-ல்.

நம்பர் என்று கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. பல்லுக்கெல்லாம் ரூட் நம்பர்! ஆனால் ரெண்டு பிரச்சினை. ஒன்று, 19, 20, 29, 30, 39, 40 எங்கே? "அந்த நம்பர்லாம் ஓடலை தம்பி" என்று டாக்டரம்மா சமாளித்தார். ரெண்டாவதுதான் பெரிசு. 'நாலு ஆறு' என்று சொன்னால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பஸ்ஸை யாராவது நாலு ஆறு என்று கூப்பிடுவார்களா? "நாப்பத்தாறு!" என்று கத்துவான். சரி, நாற்பத்தாறு என்றே சொல்லிவிட்டுப் போகலாம் என்றால், ஷீட்டில் அந்தப் பிள்ளை 64 என்று எழுதிவிடும்.

அவளே என்னிடம் சொன்னாள். "எனக்கு எழுத்து தகராறுக்கா. டிஸ்லெக்சியா. நம்பர சேத்துச் சொன்னா தலகீழா போயிரும். ஒவ்வொண்ணாச் சொன்னா கரெக்டா எழுதிருவேன்." வலது, இடதும் தகராறுதான், அதுவும் எதிரே படுத்திருக்கிற ஆளின் வலது என்றால் கேட்கவே வேண்டாம். ஷீட்டின் வலது ஓரத்தில் சிவப்பு டேப். நாற்காலியின் வலது கைப்பிடியிலும் அதே சிவப்பு டேப். பத்தாவது எழுதும்போது கூடுதல் நேரம், ஒரு மொழியிலிருந்து விலக்கு என்றெல்லாம் சலுகை இருந்தது அவளுக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்திலும் சொல்லவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகையைப் பட்டியல் போட்டிருக்கிறது, அதில் ஆட்டிசமும் இருக்கிறது, கற்றல் குறைபாடும் இருக்கிறது என்று நான் சொன்னபோது, "அப்ப நானும் அண்ணனும் ஒரே லிஸ்ட்டா?" என்று சிரித்தாள்.

இந்த இடத்தில் டாக்டரம்மா செய்ததுதான் எனக்கு மனசில் நின்றது. ஒருவருக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இன்னொருவருக்குப் பிரித்துச் சொல்ல வேண்டும். யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. பிள்ளை பக்கம் திரும்பி "நாலு, ஆறு" என்பார். தம்பி பக்கம் திரும்பி "நாப்பத்தாறு" என்பார். ஒவ்வொரு தடவையும், ரெண்டு தடவை. எழுதினதும் அவள் திருப்பி வாசிப்பாள், நாலு, ஆறு. தம்பி அதையும் திருத்துவான், நாப்பத்தாறு. ஆக ஒரு பல்லுக்கு நாலு தடவை நம்பர் ஒலிக்கும். அந்த அறையில் பல் மாறிப்போக வழியே இல்லை.

அந்த 46-க்குச் செய்தது வேர் சிகிச்சை, அதாவது ரூட் கெனால். அதில் வேருக்குள்ளே விட்டுச் சுத்தம் பண்ணுகிற ஊசி மாதிரியான கருவிகளுக்கு ஃபைல் என்று பெயர். அளவுக்கு ஒரு நிறம்: 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை, 40 கறுப்பு. உலகம் பூரா இதே வரிசைதானாம். அந்தப் பிள்ளைக்கு இது வரம். நிறத்தைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவாள், எண்ணைப் படிக்கவே வேண்டாம். ரெண்டாவது சிட்டிங்கிலேயே தம்பி மனப்பாடம் பண்ணிவிட்டான். பல்லில் எச்சில் படாமல் இருக்க ரப்பர் ஷீட் மாட்டிய வாயோடு "ஞ்சள்" என்பான், அவள் மஞ்சளை எடுத்து நீட்டுவாள். (அந்த ரப்பர் ஷீட்டையும் முன்கூட்டியே ஒரு துண்டு வெட்டி வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள், தொட்டு மோந்து பழகட்டும் என்று.) வேர் எவ்வளவு நீளம் என்று பார்க்க ஒரு மெஷின் இருக்கிறது, ஃபைல் நுனி வேரின் அடியை நெருங்க நெருங்க, கார் ரிவர்ஸ் எடுக்கும்போது வருகிற மாதிரி பீப் பீப் என்று வேகமாக அடிக்கும். அதை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டான்.

மல்லிகையையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு வேலைக்குப் போகிற பொம்பளைப் பிள்ளையிடம் தலையில் பூ வைக்காதே என்று சொல்வது சின்ன விஷயமில்லை. செவ்வாயும் வியாழனும் அவள் பூவை ஈரத்துணியில் சுற்றி டிபன் பைக்குள் வைத்து, பையைக் கீழே வாட்ச்மேன் ரூமில் கொடுத்துவிட்டு வருவாள். மூணு மணிக்கு நாங்கள் படி இறங்கும்போது பின்னாலேயே வந்து பையை வாங்குவாள். தம்பி அந்த இடத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுவான்.

சரி, ஏன் ஐந்து கொடுக்கவில்லை?

ஆறாவதோ ஏழாவதோ தடவை. பல் திறந்து கிடக்கிறது, கரண்ட் போய்விட்டது. பக்கத்துக் கடை ஜெனரேட்டர் ஜன்னலுக்கு நேர் கீழே உறுமியது. தம்பி மணி அடித்தான். டாக்டரம்மா நிறுத்தவில்லை. "முடிஞ்சிருச்சு தம்பி, ஒரே நிமிஷம், மூடிர்றேன்" என்றார். மறுபடி மணி, மறுபடி மணி. ஒரு நிமிஷத்தில் மூடிவிட்டார்தான். திறந்தபடி விட்டிருந்தால் வலி வந்திருக்கும் என்பது எனக்குப் புரியும். அவனுக்கு வேறொன்று புரிந்தது: இந்த பஸ் மணி அடித்தால் நிற்காது. ஐந்து வாரம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. ஆட்டோ அந்த வளைவில் திரும்பினாலே இறங்கப் பார்த்தான்.

டாக்டரம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனுக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுத்தனுப்பினார். பெரிய எழுத்தில் மூன்று வரி. 'மணி அடிச்சா நிக்கணும். அன்னைக்கு நிக்கல. என் தப்பு.' கீழே கையெழுத்து, தேதி. அதை அவன் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறான். பழைய பஸ் டிக்கெட்டுகள் ஒட்டுகிற இடம் அது. ஆறாவது வாரம் போனபோது, முதல் நாள் மாதிரியே மறுபடி சோதனை. பதினோரு தடவை மணி அடித்தான். பதினோரு தடவையும் நின்றது. இப்போது சிகிச்சையை ஆரம்பிக்குமுன், நடுவில் மூட வேண்டி வந்தால் எவ்வளவு நேரமாகும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். "பாலத்து மேல இருக்கும்போது மணி அடிச்சா, பாலம் தாண்டி நிப்பாட்டுவேன். 30 எண்றதுக்குள்ள." அதை அவன் ஒப்புக்கொண்டான். பாலத்தில் எந்த வண்டியும் நிற்காது.

மற்ற குறைகள். முதல் மாடி, லிஃப்ட் இல்லை, படி செங்குத்து. மூட்டுவலிக்கார அம்மா ஒரு தடவைகூட மேலே வர முடியவில்லை. அமைதி நேரம் வேலை நாள் மத்தியானத்தில் மட்டும் என்பதால் எனக்குப் பதினாலு அரை நாள் லீவு போயிற்று. சனிக்கிழமையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என் மாதிரிப் பலருக்குப் புண்ணியமாய்ப் போகும். ரிசப்ஷனில் லீவுக்கு மாற்றாக வருகிற பெண் என்னைப் பார்த்தே பேசும். "இவருக்கு வலி இருக்கா?" பக்கத்தில் 82 கிலோ ஆள் நிற்கிறான், அவனைக் கேட்கக்கூடாதா? பதில் வர இருபது விநாடி ஆகும், அவ்வளவுதான். உதட்டு மரப்பு பற்றியும் முதல் தடவை சரியாகச் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் மரத்திருக்கும், உணர்ச்சி இல்லாத உதட்டைக் கடித்துக்கொள்வான் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கடித்துப் புண்ணாக்கினான். ரெண்டாவது தடவையிலிருந்து கையில் ஒரு ஈரத் துண்டு கொடுத்து வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னோம், மரப்பு விட்ட பிறகுதான் தயிர்சாதம்.

செலவு கேட்பவர்களுக்கு: வேர் சிகிச்சைக்கு 5,500, மேலே மாட்டிய கேப்புக்கு 5,000, வேறு ரெண்டு பல்லை அடைத்ததற்குத் தலா 900. அந்த ரெண்டுக்கும் டிரில்லே ஓட்டவில்லை. கையால் சுரண்டிவிட்டு கிளாஸ் அயனோமர் என்கிற சிமெண்ட். நிமிஷத்துக்கு மூணு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற டிரில்லின் கீச்சுச் சத்தம் அவனுக்கு மிக்ஸியின் பெரியண்ணன். இன்னொரு சின்னப் பல் ஓரத்துக்கு சில்வர் டயமைன் ஃப்ளோரைடு தடவலாமா என்று கேட்டார். தடவினால் சொத்தை அங்கேயே நின்றுவிடும், ஊசி வேண்டாம், டிரில் வேண்டாம். ஆனால் அந்த இடம் கரேலென்று கறுத்துவிடும். அதையும் அவனிடமே படம் காட்டிக் கேட்டார். கறுப்பு 40 நம்பர் நிறம் என்று சரி சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வாங்கச் சொன்னதில் மூன்று பக்கமும் முடி வைத்த பிரஷ் நன்றாக இருக்கிறது. ஒரு இழுப்பில் உள்ளே, வெளியே, மேலே மூன்றும் தேய்கிறது, அவன் பொறுத்துக்கொள்கிற நேரமே மொத்தம் நாற்பது விநாடி என்பதால் எங்களுக்கு இதுதான் சரி. சீக்கிரம் முடி விரிந்துபோகிறது என்பது குறை. பேட்டரி பிரஷ் வாங்கினது தண்டம், உதறி எறிந்துவிட்டான். பேஸ்ட்டில் புதினா எரிகிறது என்பதை இத்தனை வருஷமும் அவன் துப்பித் துப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். இப்போது பட்டாணி அளவு குழந்தைகள் பேஸ்ட், ஃப்ளோரைடு எவ்வளவு என்று அட்டையில் பார்த்துத்தான் வாங்க வேண்டும், சிலதில் ஃப்ளோரைடே இல்லை.

கன்னத்தில் குத்துவது கேப் போடுவதற்கு முன்பே நின்றுவிட்டது. கூட்டின மாத்திரையைக் குறைக்க இன்னும் நாலு மாதம் பிடித்தது, அது வேறு டாக்டர், வேறு கதை.

போன மாதம் கிளீனிங்குக்குப் போனோம். எக்ஸ்ரேயைக் காட்டி, 38-ஆம் நம்பர் படுத்துக் கிடக்கிறது, என்றைக்காவது தொல்லை கொடுக்கும், எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டரம்மா. தம்பி எக்ஸ்ரேயை ரொம்ப நேரம் பார்த்தான்.

"38 எடுத்துட்டா, அந்த நம்பர் யாருக்கு?"

"யாருக்கும் இல்ல தம்பி. காலியாத்தான் இருக்கும்."

ரூட் கேன்சல் ஆவது அவனுக்குப் பிடிக்காது. யோசித்துச் சொல்கிறேன் என்றான். தேதி இன்னும் குறிக்கவில்லை. அவன் சொன்ன பிறகு போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.